பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில்

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் மேலே போய்விட்டு வந்தவர் தலையைப் பார்க்க வேண்டும். மாடிப்படியில் நாலு படி ஏறி நின்றால்தான் கைபேசிக்கு உயிர் வரும். துவைக்கிற இயந்திரம் மூன்று, உலர்த்துகிறது இரண்டு, ஆளுயர உருளைகள் கொண்ட இஸ்திரி இயந்திரம் ஒன்று, நடுவில் நீளமான மடிப்பு மேசை. முந்நூறு படுக்கைகளின் விரிப்புகளும் அறுவை அரங்கின் பச்சைத் துணிகளும் தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் மேலே போயாக வேண்டும்.

வேலை பார்த்தவர்கள் பதினோரு பேர். அவர்களுக்குச் சூப்பர்வைசர் ஒருத்தி. நாற்பத்தேழு வயது. எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த தையல்காரம்மாகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நான் உங்களுக்கு அக்கான்னா நீங்க எனக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "பதவிதான் அக்கா, வயசு தங்கச்சி" என்று ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னவர் அவர்.

பதினோரு பேரில் ஒருத்தி அக்காவின் நாத்தனார். கட்டியவனோடு ஒத்துவராமல் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த மூன்றாம் மாதம் மருத்துவமனை ஆள் எடுக்கிறது என்று அறிவிப்பு வந்தது. அண்ணியிடம் மூச்சுக்கூட விடாமல் விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்குப் போய், வேலையை வாங்கிக்கொண்டு, ஒரு காலை வேளையில் அண்ணியின் மேசை முன்னால் வந்து நின்றாள். எல்லாம் அக்காவின் சிபாரிசு என்று கீழ்த்தளம் முடிவுகட்டிவிட்டது. இல்லை, இல்லை என்று சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நாத்தனாருக்கு வாய் நீளம். கையோ அதைவிட வேகம். உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும்போதே, வேறு யார் கண்ணுக்கும் படாத கறை அவள் கண்ணில் பட்டுவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்காவை ஆறாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி கதவைத் தானே சாத்தினார். முப்பத்தைந்து வயதுக்காரர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதுதான் அக்காவுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. திட்டுகிறவர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"உட்காருங்க மேடம். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். சலவையை வெளியே குடுக்கறதா முடிவாயிடுச்சு. இன்னும் எட்டு வாரம். கீழ்த்தளத்தை மூடறோம்."

"இயந்திரமெல்லாம்?" என்று அக்கா கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மேல துணிக் கிடங்கு ஒண்ணு இருக்கும். வெளியிலிருந்து வர்ற துணியைச் சரிபார்த்து வார்டுக்கு அனுப்பற வேலை. அதுக்கு நாலு பேர் போதும். பொறுப்பாளர் நீங்கதான். அந்த நாலு பேரை நீங்களே தேர்ந்தெடுத்துக் குடுக்கணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. அடுத்த திங்கட்கிழமை நாங்க அறிவிக்கறோம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

ஐந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினார். வருகை, வேகம், பிழையின்மை, ஒத்துழைப்பு, மாற்றத்தை ஏற்கும் மனப்பான்மை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். அடுத்ததாக ரகசியம் காப்பதாக ஒரு பத்திரம். பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். போடாமல் எழுந்து வரலாம் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக, மாற்றத்தின்போது ஊழியர்களுக்குத் துணை நிற்பது எப்படி என்று ஒரு கையேடு. பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிற முகங்கள்.

"இரக்கத்தோட செய்யணும்னு எனக்கும் ஆசைதான் மேடம்," என்றார் அதிகாரி. பொய் சொல்கிற முகமாக அது இல்லை.

அன்று மாலை பேருந்தில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இருக்கையில் பையை வைத்து அண்ணிக்கு இடம் பிடித்தாள். ஆறு வருஷப் பழக்கம்.

"மேல எதுக்கு அண்ணி கூப்பிட்டாங்க?"

"சோப்புத்தூள் அதிகமா செலவாகுதாம்."

"அதுக்கா ஒரு மணி நேரம்?"

"பேசிப் பேசியே கொல்றான் அந்த ஆளு."

நாத்தனார் சிரித்தாள். அக்காவும் கூடவே சிரித்து வைத்தாள். சோப்புத்தூள் என்று ஒரு பொய் சொல்லியாயிற்று. அதைக் காப்பாற்ற மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அளவுக் கரண்டியை மாற்றச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. துவைக்கும் பக்கத்தில் இருவர் எப்போதும் சேர்ந்தே திரிவார்கள். சொந்தமும் இல்லை, சாயலும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு இரட்டையர் என்று பெயர் விழுந்திருந்தது. "கரண்டியைச் சின்னதாக்கினா கறை போகாதுக்கா" என்று ஒருவர் ஆரம்பிக்க, "போகவே போகாது" என்று மற்றவர் முடித்தார். அக்கா கேட்காததுபோல் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் பதினோரு பேரும் தெரிவார்கள். பதினோரு பேருக்கும் அவளும் தெரிவாள். செவ்வாய்க்கிழமை முழுக்க, வருகைப் பதிவேட்டுக்கு அடியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, யாராவது நிமிர்ந்து பார்க்கிறபோதெல்லாம் பதிவேட்டை இழுத்து மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டாள்.

முதல் கட்டத்திலேயே சிக்கல். இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறவரை எல்லோரும் ஆவி என்பார்கள். எந்நேரமும் நீராவிக்குள்ளேயே நிற்பதால் அந்தப் பெயர். சொன்னால் அவரும் பல்லைக் காட்டிப் பயமுறுத்துவதுபோல் நடிப்பார். போன வருஷம் அவர் நாற்பத்தொரு நாள் வேலைக்கு வரவில்லை. அவருடைய மனைவி இதே மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் கிடந்தாள். அவள் படுத்திருந்த விரிப்பைக் கீழே இவர்கள்தான் துவைத்தார்கள். தாளிலோ 'வராத நாட்கள்' என்று மட்டும்தான் இருந்தது. ஏன் வரவில்லை என்று எழுத இடமில்லை. அக்கா அவருக்கு இரண்டு மதிப்பெண் போட்டாள். அடித்தாள். ஆறு என்று போட்டாள். ஆறு போட்டால் இரட்டையருக்கு என்ன போடுவது? அவர்கள் ஒருநாள்கூட லீவு எடுக்காதவர்கள். ஆறையும் அடித்தாள்.

கூட்டிப் பார்த்தபோது நாத்தனார் மூன்றாவதாக வந்தாள். கூட்டல் தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினாள். மூன்றுதான். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'ஒத்துழைப்பு' என்ற கட்டத்தில் எட்டை நாலாக்கினாள். வாய் நீளம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'மனப்பான்மை'யில் ஏழை மூன்றாக்கினாள். நாத்தனார் ஏழாம் இடத்துக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் கண்ணாடியைத் தட்டி, சாப்பிட வரவில்லையா என்று கையால் சைகை செய்தாள். அக்கா பதிவேட்டை இழுத்து மூடினாள்.

புதன்கிழமை காலை ஆவி கூண்டுக்குள் வந்தார். வந்தவர் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி அக்கா பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு யோசனை கேக்கணும். ஒரு ஹோட்டல்ல சலவைக்கு ஆள் எடுக்கறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"எனக்குப் போகப் பிடிக்கலை. வீட்டுக்காரிக்கு முடியாம இருந்தப்போ நீங்க எனக்காக எத்தனை தடவை ஷிப்ட் மாத்திக் குடுத்தீங்க. புது இடத்துல யாரு குடுப்பா? ஆனா கொஞ்ச நாளாவே மேல ஏதோ நடக்குதுன்னு பேச்சு அடிபடுது. நீங்க இருன்னா இருக்கேன். போன்னா போறேன். அவ்வளவுதான் அக்கா."

அக்கா மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள். இரு என்று சொன்னால் பாவம். போ என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். இதெல்லாம் உங்க சொந்த முடிவு என்று சொல்லலாம். கையேட்டில்கூட ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

"சரிக்கா. நாளைக்கு நாலு மணி. மறந்துடாதீங்க."

மத்தியானம் யாரும் கூப்பிடாமலே அவள் ஆறாம் மாடிக்கு ஏறினாள். அந்த ஒருவருக்கு மட்டும் சொல்ல அனுமதி கேட்டாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்குச் சொன்னா மத்த பத்து பேருக்கு அது நியாயமா? அவங்கள்ல யாருக்கு என்ன வாய்ப்பு வந்திருக்கோ, நமக்குத் தெரியுமா? சொன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லணும். அதுதான் முறை."

"அப்ப எல்லாருக்கும் நாளைக்கே சொல்லிடலாமே?"

"திங்கட்கிழமைன்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்காங்க. எனக்கும் மேல ஆள் இருக்காங்க மேடம்."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று யோசித்தாள். நியாயமான பேச்சுதான். நியாயமான பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

வீட்டிலும் தப்ப வழியில்லை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் மனதில் பூட்டி வைக்கத் தெரியாது. அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் தங்கை காதுக்குப் போய்விடும்.

"என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்.

"தலைவலி."

"தலைவலின்னா நெத்தியைப் பிடிச்சுப்பே. இப்ப வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கே."

சமையலறையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணிக்கு ரெண்டு நாளாவே சரியில்லை அண்ணா. நாளைக்கு லீவு போடுங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

வருகைக் கட்டத்தில் நாத்தனாருக்குப் பத்துக்குப் பத்து. அதை மட்டும்தான் அக்கா தொடாமல் விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆவி உருளைக்குப் பக்கத்திலிருந்து கூண்டைப் பார்த்தார். மூன்றரைக்கு மறுபடி பார்த்தார். அக்கா பதிவேட்டுக்கு அடியிலிருந்து தாளை எடுத்தாள். ஒருவருக்குச் சொன்னால் மற்றவர்களுக்கு நியாயமில்லை என்றுதானே அதிகாரி சொன்னார்? அப்படியானால் வேறென்ன செய்ய முடியும்? அதில் துணிச்சல் எதுவும் இருந்ததாக அவள் பின்னால் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் அரை மணி நேரம் அந்தக் கூண்டுக்குள் உட்கார முடியவில்லை என்று மட்டும்தான் சொன்னாள்.

வெளியே வந்து பெரிய ஸ்விட்சை அணைத்தாள். எல்லா இயந்திரங்களும் ஒவ்வொன்றாக முனகி நின்றன. வேலை நேரத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. தையல்காரம்மா, "கரண்ட் போச்சா?" என்றார்.

"போகலை. நான்தான் நிறுத்தினேன். எல்லாரும் கொஞ்சம் மேசைக்கிட்ட வாங்க."

சுற்றி வளைக்காமல் சொன்னாள். எட்டு வாரம். நாலு பேர். தனக்குத் திங்கட்கிழமையே தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இப்போது சொல்வது அந்தக் கையெழுத்தை மீறி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நாலு நாளா தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா?" என்றார் இரட்டையரில் ஒருவர்.

"கரண்டியை மாத்தச் சொன்னப்பவே நினைச்சேன்," என்றார் மற்றவர்.

ஆவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம். மாடிப்படிக்குப் போய், நாலாவது படியில் நின்று, காதில் கைபேசியை வைத்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சரின்னு சொல்லிட்டேன்," என்றார். பிறகு அக்காவிடம், "நேத்தே சொல்லியிருக்கலாம்கா. நேத்து ராத்திரி பூரா நான் வீட்டுல நடந்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உருளைப் பக்கம் போய் நின்றுகொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லாததே அக்காவுக்குச் சரியாகப் பட்டது.

அக்கா தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். "நான் போட்ட மார்க் இது. அவங்கவங்களுக்குப் போட்டதை அவங்கவங்க பார்க்கணும். தப்பு இருந்தா சொல்லுங்க. ஒரு தப்பு எனக்கே தெரியும்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "இவளுக்கு மூணாவது இடம் வந்துச்சு. நீங்கல்லாம் பேசுவீங்கன்னு பயந்து ஏழாவதா இறக்கினேன்."

பத்து பேரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. குனிந்து தாளைப் பார்த்தாள். எட்டு அடிக்கப்பட்டு நாலான இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எப்ப பண்ணீங்க அண்ணி?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேனே, அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அக்காவின் கண் கண்ணாடிக் கூண்டுப் பக்கம் போனது.

"உங்க பயத்துக்கு என் வேலையை ஏன் கழிக்கறீங்க? ஆறு வருஷமா இங்க எல்லாரும் என்னைச் சிபாரிசுன்னு சொன்னாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். சிபாரிசு இல்லைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நீங்களே..." அந்த நீள வாய்க்காரிக்கு முதல்முறையாக வார்த்தை வரவில்லை.

தையல்காரம்மாதான் பேச்சை இழுத்துப் பிடித்தார். "இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வயசானவங்கதானே, அவங்க விட்டுக் குடுப்பாங்கன்னு யாரும் என்னைத் தியாகி ஆக்கிடாதீங்க. எனக்கு அந்த ரெண்டு வருஷம் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. யார் அந்த நாலு பேர் என்று அவர்களால் முடிவுசெய்ய முடியவில்லை. முடியும் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை. எப்படி முடிவு செய்வது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் முட்டி மோதி ஓரளவு ஒத்துவந்தார்கள். வராத நாளுக்குக் காரணம் எழுத வேண்டும். மனப்பான்மை என்ற கட்டம் கூடவே கூடாது. "மனசைப் பத்துக்கு எத்தனைன்னு எந்தத் தராசுல நிறுக்கறது?" என்றார் ஆவி. நாத்தனாருக்கு அண்ணி மார்க் போடக்கூடாது, வார்டுகளின் தலைமை நர்ஸ் போடட்டும். இதைச் சொன்னது நாத்தனாரே. சொல்லும்போது அவள் அண்ணியைப் பார்க்கவில்லை.

அன்று மாலை பேருந்தில் நாத்தனார் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேலிருந்து அழைப்பு. இரண்டாம் மாடி வார்டுக்கு விரிப்பு ஒரு மணி நேரம் தாமதமானதால் வியாழனன்றே செய்தி மேலே ஏறிவிட்டிருந்தது. அதிகாரி தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவில்லை. மற்றபடி குரல் அதே குரல்தான்.

"நான் உங்களை நம்பினேன் மேடம்."

"அவங்களும் நம்பினாங்க சார்."

அவர் ஒரு கடிதத்தைத் தள்ளினார். ஒழுங்கு நடவடிக்கை. கிடங்குப் பொறுப்பாளர் பதவி அவளுக்கு இல்லை. எட்டு வாரம் முடிந்து கீழ்த்தளத்தை மூடும் வரை அவள்தான் நடத்தித் தர வேண்டும். நடுவில் விலகினால் இருபத்திரண்டு வருஷப் பணிக்கான பலன்கள் கிடையாது. ஆக, போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. ஆனாலும் கொண்டுவந்த காகிதத்தை அவள் மேசைமேல் வைத்தாள்.

"எல்லாரும் உக்காந்து எழுதினது. தேர்வு இப்படி நடக்கணும்னு கேக்கறாங்க. அப்புறம் போற ஏழு பேரும் வேலை தேட வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் விடணும். அவங்கவங்களுக்கு என்ன வேலை தெரியும்னு ஒழுங்கா ஒரு கடிதம் வேணும். நாலு பேரை ஆறாக்க முடியுமான்னும் கேட்டிருக்காங்க."

அதிகாரி படித்தார். "நாலு நாலுதான்," என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மத்தது செய்யலாம்," என்றார். கதவருகே அவள் போனபோது, "திங்கட்கிழமை இருந்த நிலைமையில வேற எப்படி நான் செஞ்சிருக்க முடியும்னு எனக்குத் தெரியலை," என்றார். பதில் எதிர்பார்த்துச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியாமல் அக்கா வெளியே வந்தாள்.

மறுவாரம் முடிவு வந்தது. தலைமை நர்ஸ் போட்ட மதிப்பெண்ணில் நாத்தனார் இரண்டாவது இடம். அக்கா முதலில் போட்டதைவிட அதிகம். இரட்டையரில் ஒருவர் இருந்தார், ஒருவர் போனார். இரண்டு பேருக்கும் நடுவே அரை மதிப்பெண்தான் வித்தியாசம். இருந்தவர் அன்று முழுக்க ஏதோ திருடிவிட்டவர்போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒற்றையாக வண்டியைத் தள்ளினார். தையல்காரம்மா ஆறாவது. அக்கா அவருடைய தாளை அவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"மார்க் எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா. அதுதான் எரிச்சலா இருக்கு. தப்பா போட்டிருந்தா உன்னைத் திட்டிட்டாவது போவேன்."

"திட்டுங்க."

"வேண்டாம். வேலை கிடக்கு," என்று கிழிந்த பச்சைத் துணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அந்த எட்டு வாரமும் கீழ்த்தளத்தில் நாட்கள் நகரவே மாட்டேன் என்றன. துணி குறையக் குறைய வேலை குறையவில்லை, ஆள்தான் குறைந்தார்கள். ஆவி இரண்டாம் வாரமே போய்விட்டார். இஸ்திரி உருளையில் அக்காவே நின்றாள். போகிறவர்களுக்காக ஒவ்வொரு இடமாகப் போன் போட்டாள். நாலாவது படியில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் வலி வந்தது. ஆவியோடு சேர்த்து மூன்று பேருக்கு வேலை கிடைத்தது, நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. வேலை கிடைத்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். கிடைக்காதவர்களில் ஒருத்தி, "உங்க வீட்டு ஆளு மட்டும் பத்திரமா மேல போயாச்சு" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். தலைமை நர்ஸ் போட்ட மார்க் என்று அக்கா சொல்லவில்லை. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லத்தான் அவளுக்கு மனசு இருந்தது.

வீட்டில் நாத்தனார் மூன்று வாரம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணனிடம் சொல்லி அண்ணியிடம் கேட்டாள். நடுவில் மாட்டிய மனிதர், "ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரனா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு உப்பை மட்டும் நேராகக் கேட்க ஆரம்பித்தாள்.

கடைசி வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்து கொடியின் மறுமுனையில் நின்றுகொண்டாள்.

"அண்ணி, கிடங்குக்குப் பொறுப்பாளரா என்னைப் போட்டிருக்காங்க."

அக்கா கையிலிருந்த துண்டை உதறினாள். "எப்ப சொன்னாங்க?"

"புதன்கிழமை."

"அப்ப நாலு நாளா தெரியுமா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க இடம் அது. வேண்டாம்னு சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்ல மனசு வரலை. எனக்கு அது வேணும் அண்ணி. அதைச் சொல்லத்தான் நாலு நாள் ஆச்சு."

அக்காவுக்கு வலித்தது. வலிக்கும் என்று தெரிந்தே இருந்தாள். ஆனால் அது இந்த வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. "நல்லாப் பண்ணுவே," என்றாள். அது உண்மை. உண்மையாக இருந்ததால் சொல்ல முடிந்தது.

கொஞ்ச நேரம் இருவரும் துணியைப் போட்டார்கள். பிறகு நாத்தனார் கேட்டாள். "அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்னு நினைக்கறீங்களா?"

"நினைக்கறேன். ஆனா மறுபடி அந்த நாற்காலியில உக்கார வெச்சு, பேனாவைத் திறந்து குடுத்தா, போட்டுடுவேன்னுதான் தோணுது. இல்லைன்னு உங்கிட்ட பொய் சொல்லலை."

"நானும் போடுவேன்," என்றாள் நாத்தனார்.

கீழ்த்தளத்தை மூடிய பிறகு அக்கா மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். காலை ஆறு மணிக்கு நாத்தனார் கிளம்பிப் போவாள். கணவர் வேனை எடுத்துக்கொண்டு போவார். கதவு சாத்தியபிறகு வீடு இரண்டு அறைதான். நாலு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போனாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. இருபத்திரண்டு வருஷம் இருந்தவரை ஏன் கிடங்குக்கு எடுக்கவில்லை? முதல் மூன்று இடத்தில் ஏதேதோ சொன்னாள். நாலாவது இடம் ஒரு முதியோர் இல்லம். அங்கே நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதிரே இருந்த பெண்மணி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்கயும் அப்படி ஏதாவது ரகசியம் சொன்னா வெளியே சொல்லிடுவீங்களா?"

"என்ன ரகசியம்ங்கறதைப் பொறுத்து," என்றாள் அக்கா.

அந்தப் பெண்மணி சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார். சூப்பர்வைசர் வேலை இல்லை, துணி மடிக்கிற வேலை. அவளைவிட இருபது வயது இளைய பெண் ஒருத்திதான் அங்கே மேற்பார்வை. வீட்டுக்கு வந்து அக்கா அதைச் சொன்னபோது, நாத்தனார் கிடங்கின் வேலை அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேரை ஏழு வார்டுக்குப் பிரிக்க முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு உங்களை எப்படி நடத்தறான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க அண்ணி," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "சேர்ந்துடுங்க."

அக்கா திங்கட்கிழமை சேர்ந்தாள்.